பழைய காலண்டரில் பிறந்தநாள் தொப்பி: 15 பிள்ளைகளுக்கு வீட்டுப் பொருளிலேயே தொப்பியும் தோரணமும்

மூன்று வருடமாக எங்கள் அபார்ட்மென்டில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் தொப்பி, தோரணம் எல்லாம் வீட்டில் கிடக்கிற அட்டையிலும் பேப்பரிலும்தான் செய்கிறோம். முதல் வருடம் நான் செய்த 15 தொப்பிகளில் 9 தொப்பி கேக் வெட்டுவதற்கு முன்பே பிரிந்து போயின. அதன் பிறகு என்னோடு உட்கார்ந்து செய்தவர்களும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுக்கினார்கள். கைத்திறன் யாருக்கும் குறைவில்லை. சுருட்டிவிட்டு வரைந்தார்கள், ஒட்டிவிட்டு அளந்தார்கள், கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார்கள். வரிசை தப்பினால் இதில் எல்லாமே தப்பும். அதனால் கீழே இருப்பதை எண் வரிசைப்படியே செய்யுங்கள்.

1. முதலில் தலையை எண்ணுங்கள்

இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். அட்டை ஒரே நாளில் சேராது.

15 பிள்ளைகளை அழைத்திருந்தால் 18 தொப்பிக்குக் கணக்கு வையுங்கள். தம்பி, தங்கை கூட வருவார்கள். ஒன்று கிழியும். ஒன்றை யாராவது தாத்தா தலையில் வைத்து போட்டோ எடுப்பார்கள்.

எண்ணும்போதே வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். 4 முதல் 8 வயது வரை கூம்புத் தொப்பி. 3 வயதுக்குக் கீழே எலாஸ்டிக் இல்லாத கிரீடம். 9, 10 வயதுக்கு மேல் கூம்பைத் தலையில் வைக்க வெட்கப்படுவார்கள். அவர்களுக்கும் கிரீடமே நல்லது. இந்தக் கணக்கைப் போடாமல் கூம்பாகவே வெட்டித் தள்ளிவிட்டுப் பாதியை வீணாக்கியவர்கள் உண்டு.

கடையில் வாங்க வேண்டியவை மூன்றுதான்: ஃபெவிகால், மெல்லிய எலாஸ்டிக், பேப்பர் டேப். மற்றதெல்லாம் வீட்டில் இருக்கும்: கத்தரிக்கோல், 30 செ.மீ ஸ்கேல், தையல் டேப், நூல், பென்சில், குண்டூசி, கோணி ஊசி, உப்புத்தாள், துணி காயப்போடுகிற கிளிப் ஒரு 30. கிளிப் குறைவாக இருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வையுங்கள். ஏன் என்பது 8-ல் வரும்.

2. எந்த அட்டை ஆகும், எது ஆகாது

தொப்பிக்கு வேண்டியது வளைந்து கொடுக்கிற, ஆனால் துவளாத அட்டை. கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி சரியான கனம். புதுச் சட்டைக்குள் வைத்து வருகிற அட்டை, பற்பசைப் பெட்டி, சோப்புப் பெட்டி எல்லாம் அதே இனம்தான். கடைசி இரண்டும் சின்னதாக இருப்பதால் அலங்காரத்துக்கு ஒதுக்குங்கள்.

மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் தனியாகத் துவளும். இரண்டு தாளை முதுகோடு முதுகாக ஒட்டினால் நல்ல அட்டையாகிவிடும். தினசரி காலண்டரின் பின் அட்டை தொப்பிக்கு ஆகாது, வளைத்தால் முறியும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். அளவு அட்டை வெட்ட அதைவிடச் சிறந்தது கிடையாது.

காலண்டரில் சாமி படம் இருந்தால் அந்தத் தாளைத் தொடாமல் விடுவது நல்லது. பிள்ளைகள் தொப்பியைக் கீழே போடுவார்கள், மிதிப்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தாலே விழாவின் களை போய்விடும். இயற்கைக் காட்சி, பறவை, வெறும் எண்கள் உள்ள தாள்கள் நிறையவே கிடைக்கும்.

கல்யாணப் பத்திரிகை நல்ல பொருள். தங்க நிற அச்சும் கனமும் தொப்பிக்கே செய்தது போல இருக்கும். பத்திரிகை சின்னதாக இருந்தாலும் இரண்டைச் சேர்த்து ஒரு தொப்பி ஆக்கலாம், 5-ல் சொல்கிறேன்.

ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். நெய் ஊறிய இடத்தில் எந்தப் பசையும் நிற்காது, எறும்பும் வரும். மூடி மட்டும் சுத்தமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பால் பாக்கெட்டைப் பலரும் சொல்வார்கள். நானும் கழுவி, உலர்த்தி, தோரணம் வெட்டிப் பார்த்தேன். எத்தனை கழுவினாலும் மே மாத வெயிலில் ஹாலில் மோர் வாடை அடித்தது. அதைப் பழைய பேப்பர் கடைக்கே போட்டுவிடுங்கள். சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளி உட்புறம் மட்டும் பயன்படும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவ வேண்டும்.

3. கழுவி, பிரித்து, மெத்தைக்கு அடியில்

பெட்டிகளைக் கத்தரியால் வெட்டித் திறக்காதீர்கள். ஒட்டு இருக்கிற விளிம்பில் கத்தி முனையை விட்டு நெம்பினால் முழு அட்டையும் ஒரே துண்டாக விரியும். வெட்டினால் எப்போதும் நமக்கு வேண்டிய அகலத்தில் இரண்டு விரற்கடை குறைந்து போகும்.

விரித்ததை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மெத்தைக்கு அடியில் இரண்டு இரவு வையுங்கள். சுருண்ட அட்டையில் வட்டம் வரைந்தால் வட்டம் கோணும், கோணிய வட்டத்தில் தொப்பி சாயும். தட்டையான பிறகே பென்சிலை எடுங்கள்.

4. இரண்டு விதப் பசை

பேப்பரோடு பேப்பர் ஒட்ட மைதா பசை போதும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சிறு தீயில் கிண்டுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி போல ஆனதும் இறக்கிவிடலாம். கொதிக்கிற தண்ணீரில் மைதாவைக் கொட்டினால் கட்டி தட்டும், அந்தக் கட்டி ஒவ்வொன்றும் காகிதத்தில் புடைத்துத் தெரியும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளைகள் கை வைக்கிற வேலைக்கு அது கூடவே கூடாது. அது விஷம்.

தொப்பியின் ஒட்டுக்கு மைதா பசை ஆகாது. அதில் இருக்கிற தண்ணீரை அட்டை குடித்து ஊறிவிடும். காயும்போது நெளியும், இழுவையும் தாங்காது. அங்கே ஃபெவிகால்தான். வழவழப்பான பக்கத்தின் மேல் ஒட்டுவதாக இருந்தால் ஒட்டுகிற அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். என்னுடைய 9 தொப்பிகளும் இந்த ஒரு காரணத்தால்தான் பிரிந்தன. அன்று பசையைக் குறை சொன்னேன். உண்மையில் பசைக்குப் பிடிக்க இடமே இருக்கவில்லை, அட்டை மேல் மெழுகு பூசியது போல வழவழப்பு.

5. அளவு அட்டை: எல்லாமே இதில் இருக்கிறது

புதிதாகச் செய்கிறவர்கள் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்வார்கள். சிலர் முக்கோணம் வெட்டுவார்கள். அதைச் சுருட்டினால் அடி விளிம்பு நேராக வராது. ஒரு பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். சிலர் அரைவட்டம் வெட்டுவார்கள். அரைவட்டத்தைச் சுருட்டினால் அடி அகலமாகி உயரம் குறையும். பிள்ளை தலையில் வைத்தால் கண் வரை இறங்கி, கவிழ்த்து வைத்த புனல் மாதிரி இருக்கும்.

நமக்கு வேண்டியது வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. பாகைமானி இல்லாமலேயே அதை வரையலாம்.

தினசரி காலண்டரின் பின் அட்டையை எடுங்கள். நீள விளிம்பின் நடுவில் ஒரு குண்டூசி. அதில் நூலைக் கட்டி, மறுமுனையில் பென்சில். ஊசிக்கும் பென்சில் முனைக்கும் இடையே சரியாக 17 செ.மீ. நூலை இறுக்கமாகப் பிடித்து ஒரு வில் வரையுங்கள். நூல் பென்சிலில் சுற்றிக்கொண்டே போனால் அளவு குறையும், அதனால் பென்சிலைச் சுழற்றாமல் செங்குத்தாகப் பிடியுங்கள்.

இப்போது வில்லின் இடது பக்கத்தில், விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து ஸ்கேலை நேராக வைத்து, 17 செ.மீ எங்கே வில்லைத் தொடுகிறதோ அங்கே இரண்டாவது புள்ளி. அங்கிருந்து இன்னொரு 17, மூன்றாவது புள்ளி. முதல் புள்ளியையும் மூன்றாவது புள்ளியையும் ஊசி குத்திய இடத்தோடு கோடு போட்டு இணையுங்கள். அவ்வளவுதான். ஆரத்தின் நீளத்தை வட்டத்தின் மேல் வரிசையாக வைத்துப் போனால் சரியாக 6 தடவையில் வட்டம் முடியும். பள்ளியில் கவராயத்தால் ஆறு இதழ்ப் பூ வரைந்தது இதே கணக்குதான். நாம் வைத்தது 2 தடவை, அதாவது மூன்றில் ஒரு பங்கு.

17 செ.மீ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துண்டின் அகலம் 29.4 செ.மீ வரும். ஏ4 தாள் 29.7. ஆக, ஏ4 அளவு அட்டை எது கிடைத்தாலும் ஒரு தொப்பி கிடைத்துவிடும். ஒட்டுக்கு 1.5 செ.மீ போக, தொப்பியின் அடி விட்டம் 11 செ.மீ-க்குக் கொஞ்சம் குறைவாகவும், உயரம் 16 செ.மீ அளவிலும் நிற்கும். உச்சந்தலையில் உட்கார இது போதும். இந்தத் தொப்பி தலையைச் சுற்றி இறங்கக் கூடாது. மேலே உட்கார வேண்டும்.

பெரிய அட்டை இல்லையா? நடுப்புள்ளி வழியாகவும் ஒரு கோடு போட்டால் துண்டு இரண்டு பாதியாகும். ஒவ்வொரு பாதியும் 17 செ.மீ சதுரத்துக்குள் அடங்கும். கல்யாணப் பத்திரிகையில் இப்படித்தான் வெட்ட வேண்டும். ஒரு பாதிக்கு மட்டும் பக்கத்தில் 1.5 செ.மீ கூட விட்டு வெட்டுங்கள். நடு ஒட்டு அதில் விழும்.

6. வெட்டுவதற்கு முன் அட்டையை வளைத்துப் பாருங்கள்

அட்டைக்கும் துணி போல ஓட்டம் உண்டு. இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளைத்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளைகிறபடி தொப்பி சுருள வேண்டும். அளவு அட்டையை அப்படி வைத்து வரையுங்கள். எதிர் ஓட்டத்தில் வெட்டிய தொப்பி வட்டமாக வராது. ஆங்காங்கே மடிந்து எட்டு மூலையாக நிற்கும். எத்தனை கிளிப் போட்டாலும் சரியாகாது.

பழைய பெட்டியின் மடிப்புக் கோடு துண்டுக்குள் வந்தே தீரும் என்றால், அது உச்சியிலிருந்து அடி வரை ஓடும்படி வையுங்கள். குறுக்கே ஓடினால் தொப்பி அங்கேயே ஒடியும்.

முதலில் ஒன்றே ஒன்று வெட்டுங்கள். கிளிப் மட்டும் போட்டு வீட்டுப் பிள்ளை தலையில் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மீதி 17-ஐயும் வெட்டலாம். இதைச் செய்யாமல் மொத்தத்தையும் வெட்டிய ஒரு தோழி, நூலை 17-க்குப் பதிலாக 13 வைத்திருந்தாள். 18 தொப்பியும் பொம்மைக்குத்தான் ஆனது.

7. தட்டையாக இருக்கும்போதே அலங்காரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சுருட்டிய தொப்பியின் மேல் வரைய முடியாது, ஒட்டவும் முடியாது. கை வைத்தால் அமுங்கும், தூரிகை வைத்தால் உருளும். பிள்ளை அழும், நாம் கத்துவோம். தட்டையான துண்டைத் தரையில் போட்டுக் கொடுத்தால் 4 வயதுப் பிள்ளைகூடத் தானே செய்துவிடும்.

ஆனால் கொடுப்பதற்கு முன் மூன்று கோடு போட்டுக் கொடுங்கள்.

முதல் கோடு, இடது நேர் விளிம்பிலிருந்து 1.5 செ.மீ உள்ளே. அந்தப் பட்டை வெறுமையாக இருக்க வேண்டும். ஒட்டு விழுகிற இடம் அது. பெயின்ட் மேல் பசை பிடிக்காது, பெயின்ட்டோடு சேர்ந்து உரிந்து வரும்.

இரண்டாவது, உச்சியிலிருந்து 3 செ.மீ கீழே ஒரு சின்ன வில். அதற்கு மேலே கனமாக எதையும் ஒட்டக் கூடாது. உச்சி மிக இறுக்கமாகச் சுருளும் இடம். அங்கே பொத்தானோ அட்டைத் துண்டோ இருந்தால் கூம்பு மூடவே மூடாது.

மூன்றாவது, உச்சியிலிருந்து அடி வரை நடுவில் ஒரு கோடு. அதுதான் தொப்பியின் நெற்றி. பெயர், பூ, முகம் எது வந்தாலும் அந்தக் கோட்டின் மேல், தலை உச்சியைப் பார்த்தபடி வர வேண்டும். இந்தக் கோடு இல்லாவிட்டால் பாதிப் பெயர் ஒட்டுக்குள் போகும், அல்லது தலைகீழாக நிற்கும். எங்கள் வீட்டில் ஒரு வருடம் பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளையின் பெயரே தலைகீழாக நின்றது. அவன் அதைக் கவனிக்கவில்லை. எழுதிய அத்தை விழா முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டைப் பட்டையாக வண்ணம் வேண்டும் என்றால் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போடாதீர்கள். சுருட்டியதும் அது அலை போல மேலும் கீழும் ஓடும். குண்டூசி, நூல், பென்சிலை மறுபடி எடுத்து, 14, 11, 8 செ.மீ என்று வில் வில்லாகப் போட்டால் தொப்பியில் நேர் வளையமாக வரும்.

வாட்டர் கலர் வேண்டாம், அட்டை நெளியும். பழைய வார இதழ்ப் படங்கள், பத்திரிகையின் தங்க அச்சு, சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிக் கீற்று, புடவைக் கரை, பென்சில் சீவிய சுருள் எல்லாம் ஒட்டலாம். பென்சில் சீவலை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை; 6 வயதுப் பெண் ஒருத்தி டப்பாவிலிருந்து எடுத்து வரிசையாக ஒட்டினாள், செவ்வந்திப் பூ அடுக்கியது போல இருந்தது.

முழுதாகக் காயும் வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஓர் இரவு விடுவதே உத்தமம்.

8. சுருட்டல்

காய்ந்த துண்டின் பின்பக்கத்தை மேசை விளிம்பில் வைத்து, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று முறை மெல்ல இழுங்கள். அட்டை தானாகவே வளையத் தொடங்கும். பிறகு வேண்டியதைவிட இறுக்கமாக ஒருமுறை சுருட்டி, விட்டுவிடுங்கள். இப்படிப் பழக்கிய அட்டை ஒட்டும்போது எதிர்த்து நிற்காது. பழக்காத அட்டை எப்போதும் விரியப் பார்க்கும், அந்த விசை முழுவதும் ஒட்டின் மேல் விழும்.

வெறுமையாக விட்ட பட்டையில் ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, அடுத்த விளிம்பை அதன் மேல் கோட்டுக்குக் கோடு பொருத்துங்கள். எப்போதும் உச்சியில் தொடங்கி அடிக்கு வாருங்கள். அடியில் தொடங்கினால் உச்சியில் ஓட்டை விழும்.

அடி விளிம்பில் ஒரு கிளிப். கிளிப் எட்டாத நடுப்பகுதிக்கு, உள்ளே ஸ்கேலை விட்டு வெளியே விரலால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உச்சிப் பக்கம் உள்ளே ஒரு துண்டு பேப்பர் டேப். ஓர் இரவு கிளிப்போடு இருக்கட்டும். 18 தொப்பிக்கு 18 கிளிப் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதால்தான் முதலிலேயே 30 கேட்டேன். பத்து நிமிடத்தில் கிளிப்பை எடுத்து அடுத்த தொப்பிக்குப் போடுகிறவர்களுக்கு மறுநாள் காலை பாதி தொப்பி வாயைத் திறந்து நிற்கும்.

ஸ்டேப்ளர் அடித்துவிடலாமே என்று கேட்பார்கள். பின்னின் கூர் உள்ளே முடியில் மாட்டும். கூடாது.

9. அடி விளிம்பும் எலாஸ்டிக்கும்

வழவழப்பான அட்டையின் விளிம்பு பிள்ளைகளின் நெற்றியைக் கீறும். பழைய புடவைக் கரையையோ பேப்பர் டேப்பையோ அடியைச் சுற்றிப் பாதி வெளியே பாதி உள்ளே வருமாறு ஒட்டுங்கள். பார்க்கவும் முடிவாக இருக்கும்.

எலாஸ்டிக் நீளத்தைப் பிள்ளையின் மேலேயே அளப்பது நல்லது: ஒரு காதுக்கு மேலிருந்து தாடைக்கு அடியாக மறு காதுக்கு மேல் வரை, அதில் 3 செ.மீ கழித்து. எல்லோரும் ஒரே அளவு என்று வெட்டினால் ஒரு பிள்ளைக்குக் கழுத்து இறுகும், இன்னொன்றுக்குத் தொங்கும். ரப்பர் பேண்ட் வேண்டாம். முடியைப் பிடுங்கும், அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

எலாஸ்டிக் மாட்டுகிற இரண்டு இடத்திலும் உட்பக்கம் முதலில் டேப் ஒட்டுங்கள், பிறகு ஒரு பக்கம் மட்டும் கோணி ஊசியால் குத்துங்கள். டேப் இல்லாத துளை முதல் இழுப்பிலேயே விளிம்பு வரை கிழியும். ஒரு பக்கம் துளை, முடிச்சு. மறு பக்கம் துளைக்குப் பதிலாக அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் கத்தரியால் ஒரு வெட்டு. முடிச்சிட்ட முனையை அதில் மாட்டிவிடலாம். ஓடி விளையாடும்போது ஒருவன் இன்னொருவனின் எலாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தால் முடிச்சு நழுவி வந்துவிடும். கழுத்தை அறுக்காது.

10. குஞ்சம்

உச்சியை 5 மி.மீ வெட்டிவிடுங்கள். கூர் கண்ணில் குத்தாது, குஞ்சம் செருகவும் வழி கிடைக்கும். வார இதழ்த் தாளில் 6 செ.மீ அகலம், 30 செ.மீ நீளத்துக்கு ஒரு பட்டை. ஒரு பக்கம் 4 செ.மீ ஆழத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, வெட்டாத பக்கத்தைப் பசை தடவிச் சுருட்டினால் குஞ்சம். காம்பை உள்ளே விட்டு உள்பக்கம் டேப் ஒட்டுங்கள்.

கேக் மேல் மெழுகுவத்தி ஊதப் போகிற பிள்ளைக்கு மட்டும் குஞ்சம் வைக்காதீர்கள். குனியும்போது தீக்கு மிக அருகே வரும் முதல் பொருள் அதுதான். அவனுக்கு உச்சியை அட்டை உருண்டையால் மூடிவிடலாம்.

11. கூம்பு பிடிக்காதவர்களுக்கு

கிரீடத்துக்கு பார்சல் வருகிற நெளி அட்டைப் பெட்டி. அப்படியே வளைத்தால் முறியும். ஒரு பக்கத்துத் தாளை ஈரத்துணியால் நனைத்து ஐந்து நிமிடம் கழித்து உரித்தால் உள்ளே இருக்கிற நெளி வெளியே தெரியும். அது அழகாகவும் இருக்கும், வட்டமாகவும் வளையும். நெளிக்கோடு மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்டுங்கள். நீளம் தலைச் சுற்றளவோடு 3 செ.மீ கூட. 5 வயதுப் பிள்ளைக்குச் சுற்றளவு பெரும்பாலும் 50, 52 என்று வரும். இதற்கு எலாஸ்டிக் தேவையில்லை.

எதிர்பாராமல் நாலு பிள்ளை கூட வந்துவிட்டால் நியூஸ்பேப்பர் தொப்பி. எல்லோருக்கும் மடிக்கத் தெரியும், அளவுதான் தெரியாது. ஏ4 தாளில் மடித்தால் தலையில் ஏறாது. விரித்த முழுப் பேப்பரில் மடித்தால் தோள் வரை இறங்கும். தலைச் சுற்றளவில் பாதி, அதோடு 3 செ.மீ: அதுதான் தாளின் அகலம். 52 செ.மீ தலைக்கு 29 அகலம், 42 நீளம் வெட்டி, நீளத்தைப் பாதியாக மடித்துத் தொடங்குங்கள்.

12. தோரணமும் சங்கிலியும்

வாசலுக்கு மாவிலை இருக்கிறது, அங்கே பேப்பர் வேண்டாம். இது ஹாலுக்கு.

முக்கோணக் கொடிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுக் கோத்தால் அவை நூலில் சறுக்கி ஒரே இடத்தில் கும்பலாகும். அதனால் முக்கோணமாக வெட்டாமல் சாய்சதுரமாக வெட்டி, நூலின் மேல் மடித்துப் போட்டு இரண்டு பாதியையும் மைதா பசையால் ஒட்டுங்கள். இரண்டு அடுக்காவதால் பேப்பரும் துவளாது. அகலம் 15, இடைவெளி 5 என்று வைத்தால் 5 மீட்டருக்கு 25 கொடி. நூலை வெட்டும்போது இரண்டு முனையிலும் அரை மீட்டர் கூட விடுங்கள், கட்டுவதற்கு.

வளையச் சங்கிலிக்குப் பட்டை 3 செ.மீ அகலம், 18 செ.மீ நீளம். ஒரு வளையம் சங்கிலியில் ஏறக்குறைய 5 செ.மீ சேர்க்கும். மீட்டருக்கு 20 வளையம். இந்தக் கணக்கு தெரியாமல் உட்காருகிறவர்கள் 40 வளையத்தோடு எழுந்து பார்த்து, சுவரின் பாதிகூட வரவில்லையே என்பார்கள். சுவர் 4 மீட்டர் என்றால், தொய்வையும் சேர்த்து 90 வளையம். பிள்ளைகளுக்கு வெட்டி வைத்த பட்டையும் பசையும் கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

13. விசிறிப் பூ: ஏன் மூடவில்லை?

தாளைப் புடவைக் கொசுவம் போல மடித்து, நடுவில் நூலால் கட்டி, இரு பக்கமும் விரித்து ஒட்டினால் வட்டப் பூ. எல்லோரும் ஒரு ஏ4 தாளை எடுத்து மடிப்பார்கள். விரித்தால் வட்டம் மூடாது, பிடித்து இழுத்தால் மடிப்பே போய்த் தட்டையாகிவிடும்.

காரணம் எளியது. 21 செ.மீ விட்டமுள்ள பூவுக்கு அரைவட்டத்தின் விளிம்பே 33 செ.மீ வருகிறது. ஒரு தாளின் நீளம் 29.7 தான். மடிப்பு மடிப்பாக நிற்க அந்த விளிம்பைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு வேண்டும். அதனால் இரண்டு தாளைத் தனித்தனியாக மடித்து, பக்கவாட்டில் ஒட்டிச் சேர்த்து, அதன் பிறகு நடுவில் கட்டுங்கள். கனமான தாளுக்கு இரண்டு போதும், நியூஸ்பேப்பருக்கு மூன்று. மடிப்பின் அகலம் ஒரு விரல். அதைவிட அகலமானால் பூ சக்கரம் மாதிரி ஆகிவிடும்.

14. மாட்டுவது

முதல் நாள் இரவு மாட்டாதீர்கள். அன்று காலை மாட்டுங்கள். கடற்கரை ஊர்களில் இரவு ஈரக்காற்றுக்கே பேப்பர் தொய்ந்துவிடும், டேப்பும் விடும்.

சுவரில் செல்லோடேப் ஒட்டினால் உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். வாடகை வீடென்றால் அது அட்வான்ஸில் கழியும். ஜன்னல் கம்பி, திரைச்சீலைக் கம்பி, ஏற்கெனவே இருக்கிற ஆணி என்று பார்த்துக் கட்டுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் பேப்பர் டேப்.

சீலிங் ஃபேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹாலின் நடுவில் குறுக்காகச் சங்கிலி கட்டினால் அழகாகத்தான் இருக்கும். இரண்டாவது வருடம் நாங்களும் நான்கு மூலையிலிருந்தும் கொண்டு வந்து ஃபேன் கம்பியில் கட்டினோம். வந்த உறவினர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "என்ன புழுக்கம்!" என்று ஸ்விட்சைப் போட்டார். நான்கு சங்கிலியும் ஒரே சுற்றில் சுருண்டன, மூலையில் இருந்த ஒரு ஆணி சுவரோடு பெயர்ந்து வந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. ஃபேன் கம்பியில் எதுவும் கட்டாதீர்கள். இறக்கைக்கு நாலு பக்கமும் இரண்டடி விட்டுவிடுங்கள். கட்டி முடித்ததும் ஃபேனை முழு வேகத்தில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். எது பறந்து அதன் பக்கம் போகிறது என்பது அப்போதே தெரியும்.

விளக்கு மாடத்துக்கும் பூஜை அலமாரிக்கும் பக்கத்தில் பேப்பர் கூடாது. கேக் மேசைக்கு நேர் மேலேயும் கூடாது.

15. முடிந்த பிறகு

எலாஸ்டிக்கைக் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். பல விழாவுக்கு வரும். தொப்பிகள் நன்றாக இருந்தால் டம்ளர் போல ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வைக்கலாம். நசுங்கியதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் வெள்ளிக் கீற்றையும் டேப்பையும் பிய்த்தெடுங்கள், இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள்.

அளவு அட்டையில் "17 செ.மீ, 4 முதல் 8 வயது" என்று எழுதி, ஓரத்தில் ஓட்டை போட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். எங்களுடையது இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறது. அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் பிறந்தநாள், நேற்றே கிளிப்பும் வாங்கிப் போய்விட்டார்கள்.